இடது கன்னத்துக் கரி

தியாப்ளே,
14 ஜனவரி 2001

தம்பி டோக்பாவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக அம்மாவின் அடுப்பில் தண்ணீர் ஊற்றினேன். அம்மா அதற்கு முன்பே ஊற்றியிருந்தாள். ஆனாலும் என் கையால் ஒரு முறை ஊற்றினால்தான் சமையல் கொட்டகையை விட்டு வெளியே வருவாள். "இன்னும் ஒரு செம்பு ஊத்துடி" என்றாள். சாம்பல் சேறாகி வழிந்து, பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற என் செருப்பை நனைத்தது. மணி ஆறுகூட ஆகவில்லை. ஊரில் மற்ற பெண்கள் அப்போதுதான் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

வடக்குக் காற்று தொடங்கிவிட்டது. உதடு வெடிக்கிறது. கரும்பலகையில் எழுதினால் சுண்ணத்தூளும் புழுதியும் ஒன்றாகப் பறக்கின்றன. காற்றில் தீ பரவாமலிருக்க, உச்சிப்பொழுதுக்குள் எல்லா அடுப்பும் அணைந்திருக்க வேண்டும் என்று போன திங்கட்கிழமை ஊர்த் தலைவர் அறிவித்துவிட்டார். ஸாக்பாய் ஐயா தினமும் மர முகமும் சிவப்புத் துணியுமாகக் காட்டிலிருந்து வந்து அடுப்படி அடுப்படியாகப் பார்த்துவிட்டுப் போகிறார். இந்த வருடம் அவருக்கு ஓட்டம் போதவில்லை. நேற்று எதிர்வீட்டு ஸோவா அத்தை அவர் காதில் விழும்படியே கேட்டாள்: "என்னங்க ஐயா, காட்டுல சாப்பாடு ஜாஸ்தியா? மூச்சு இப்படி வாங்குதே!" ஐயா கோபத்தில் அவளுடைய காலிச் சட்டியை உதைத்தார். பிறகு உதைத்த காலை அவரே பிடித்துக்கொண்டு நொண்டினார். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் அம்மா வீட்டுக்குள்ளே கதவுக்குப் பின்னால் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். ஐயா வரும்போதெல்லாம் அப்படித்தான் நிற்கிறாள், இருபத்தேழு வருடமாக.

நீ கடைசியாக எழுதிப் பதினான்கு மாதம் ஆகிறது. "அப்பாவை ஓடைக்கு அந்தப் பக்கம், ஒரு மர முகம்கூட வந்து ஆடாமல், நாயைப் புதைப்பது போலப் புதைத்த ஊருக்கு நான் வரமாட்டேன்" என்று எழுதியிருந்தாய். ஐயாவின் வீட்டுக்குப் பொறுப்பாக இருந்த அப்பா கள் குடித்துத் தூங்கி, அன்று ஐயா வராமல் போய், பதினோரு வீடும் ஒரு கைக்குழந்தையும் எரிந்தால் வேறெப்படிப் புதைப்பார்கள் என்று நான் பதில் எழுதினேன். எழுதும்போது உண்மையைத்தான் எழுதுகிறோம் என்று நினைத்தேன். இப்போதும் உண்மை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதை எழுதியிருக்க வேண்டாம்.

அம்மாவுக்கு இருமல். கேட்டால் புழுதி என்கிறாள். நீ இருக்கிறாயா என்று மட்டும் ஒரு வரி எழுது.

உன் அக்கா,
தெல்ஃபீன்


லியோன்,
3 பிப்ரவரி 2001

அக்கா,

இருக்கிறேன். அதே மியூசியம், அதே நீலச் சட்டை, அதே மடக்கு நாற்காலி. பார்க்க வருபவர்கள் ஓவியத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் இன்னும் என் வேலை. உன் அந்த வரி எனக்கு வலித்தது. மூன்று முறை பதில் எழுதிக் கிழித்தேன். அதை விடு. இப்போது வேறு விஷயம். இதை எப்படி எழுதுவது என்று ஒரு வாரமாகத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். ஏனென்றால் நீ பெண், உன்னிடம் பேசக்கூடாத விஷயம்.

இங்கே ஒருவர் வந்திருக்கிறார்.

ஜனவரியில் ஒரு கண்காட்சி தொடங்கினார்கள். நூறு வருடத்துக்கு முன்னால் நம் பக்கத்து மர முகங்களைப் பார்த்து இங்குள்ள ஓவியர்கள் எப்படி மாறினார்கள் என்பது பற்றி. ஓவியத்துக்குப் பக்கத்தில் முகம், முகத்துக்குப் பக்கத்தில் ஓவியம். என் கூடத்தில் வார்னியே என்பவர் 1912இல் வரைந்த படம். மேசை முன்னால் ஒரு பெண். முகம் மரத்தில் செதுக்கியது போல நீளம். இடது கன்னத்தில் மட்டும் கரிய திட்டு. அதற்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள், ஓர் இரும்புக் கம்பியின் நுனியில் அவர், நம் ஸாக்பாய் ஐயா, முகம் மட்டும்.

சிவப்புத் துணி இல்லை. இறகுத் தொப்பி இல்லை. நார் உடை இல்லை. கையில் குச்சி இல்லை. கால் இல்லை, அக்கா. ஓடுகிறவரைக் கழுத்தோடு வெட்டி வைத்தது போல இருக்கிறது. முதல் நாள் பார்த்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து தொப்பியைக் கழற்றினேன். பிறகு யோசிக்காமலே காவலர் அறைக்கு ஓடி, கொதித்துக்கொண்டிருந்த காப்பிக் கெட்டிலை அணைத்துவிட்டு வந்தேன். அப்போது மணி பதினொன்றே முக்கால். கூட வேலை பார்க்கிற பெர்னார் கத்தினான்: "உனக்கு என்ன பைத்தியமா? என் காப்பிடா அது!"

வட்டக் கண். வலது புருவத்துக்கு மேல் அரிசி அளவுக்கு ஒரு சிராய்ப்பு. இடது கன்னத்தில் தீச்சுட்ட கரி. நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்தப் புருவம் தெரியும். துரத்துகிறாரே என்று திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அதைத்தானே பார்த்தோம். கன்னத்துக் கரி மட்டும் கடைசி வருடம் வந்தது. அதற்கு முந்தின வருடம் இல்லை. எனக்கு அப்போது பத்து வயது, நன்றாக ஞாபகம் இருக்கிறது.

சுவரில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேள். இவர் 1910இலிருந்து அந்த ஓவியருடைய அறையில் மாட்டியிருந்தாராம். கணப்பிலிருந்து தெறித்த நெருப்பு கன்னத்தைச் சுட்டதாம். அந்தக் கரியைப் பார்த்துத்தான் ஓவியர் தன் படத்துப் பெண்ணுக்கும் அதே இடத்தில் கறுப்பு வைத்தாராம். "ஓவியத்தையே திருப்பிப்போட்ட கன்னம்" என்று புத்தகம் போட்டிருக்கிறார்கள். விற்றவன் கொடுத்த கதை. இவர்கள் நம்பிவிட்டார்கள்.

அக்கா, அவர் எரியவில்லை. தீப்பிடித்த அன்று அவருடைய வீடும் எரிந்தது, அவரும் அதோடு சாம்பலானார் என்று சொல்லித்தானே ஊர் பிறகு புது முகம் செதுக்கியது? எரிந்தவர் எப்படி இங்கே வருவார்? அதற்கு முன்பே யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள். அப்படியென்றால் அன்று வீடு காலி. அப்பா யாரை அனுப்ப முடியும்? தூங்கினார், குடித்தார் என்று, அப்பா சாகும்வரை ஏழு வருடம் ஊரில் யாரும் அவர் முகத்தைப் பார்க்காமல் இருந்தார்களே!

அந்தக் கரி எப்படி வந்தது? அந்த வீட்டுக்குள் போய் வந்த ஆண்களில் யாரும் இன்று உயிரோடு இல்லை. நீ எப்போதும் அம்மாவோடு அடுப்படியில் இருந்தவள். உனக்குத் தெரிந்திருக்கும்.

டோக்பா


தியாப்ளே,
21 பிப்ரவரி 2001

டோக்பா,

எனக்கு எதுவும் தெரியாது. நான் எதையும் பார்க்கவில்லை. பெண்கள் எதையும் பார்ப்பதில்லை என்பது உனக்குத் தெரியாதா? ஐயா காட்டிலிருந்து வருகிறார், காட்டுக்குப் போகிறார். அவர் கன்னத்தில் என்ன இருந்தது, எப்படி வந்தது என்று ஒரு பெண்ணிடம் கேட்க உனக்கு எப்படி மனம் வந்தது? லியோனில் இருந்தால் எதையும் கேட்டுவிடலாமா?

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. நீ நலம் என்று மட்டும் சொன்னேன். "பொண்ணு பாத்துட்டானாமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "சரி, அக்காளும் தம்பியும் ஒரே மாதிரி" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு நாளாக வகுப்பில் சரியாகப் பேச முடியவில்லை. காலி வீட்டின் கதவு முன்னால் அப்பா நிற்பது போலவே தெரிகிறது. இதற்கு முன்னால் நான் அவரை நினைத்தால் எப்போதும் படுத்துத்தான் இருப்பார்.

இனி இதைப் பற்றி எழுதாதே.

தெல்ஃபீன்


லியோன்,
11 மார்ச் 2001

அக்கா,

எழுதுவேன். நீ படிக்காமல் கிழித்தால் கிழி.

தினமும் ஏழரை மணி நேரம் அவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவர்கள் ஓவியத்தின் முன்னால் ஒரு நிமிடம் நிற்கிறார்கள், அவர் முன்னால் மூன்று நொடி. "அட, அப்படியே படத்துல இருக்கற மாதிரியே இருக்கே!" என்று சொல்லிவிட்டு நகர்கிறார்கள். அப்பாவைப் பார்த்து, மகன் சாயல் என்று சொல்வது போல. ஒரு நாள் ஒரு சிறு பெண் மட்டும் தன் அம்மாவிடம் கேட்டாள்: "இவருக்கு ஏன் இவ்வளவு பெரிய கண்ணு?" அம்மா சொன்னாள்: "அது கலைம்மா." நான் எழுந்து போய்ச் சொன்னேன்: "ஓடும்போது நல்லாத் தெரியணும்ல, அதுக்கு." அந்தக் குழந்தை தலையாட்டியது. அம்மாக்காரி குழந்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஓவியம் மோசம் என்று சொல்லமாட்டேன். பார்க்கப் பார்க்கப் பிடிக்கிறது. வேறு முகங்கள் அந்தக் காலத்திலேயே இங்கே வந்தது உண்மை. அவற்றை இவர்கள் ராப்பகலாகப் பார்த்ததும், பார்த்துக் கற்றுக்கொண்டதும் உண்மைதான். அதில் எனக்குப் பெருமை என்றுகூட வைத்துக்கொள். ஆனால் முகத்தைத்தான் பார்த்தார்கள். அது எங்கே ஓடியது, எதற்கு ஓடியது என்று யாரும் கேட்கவில்லை.

ஆள் இல்லாத நேரத்தில் அவரிடம் நம் மொழியில் பேசுகிறேன். மழை பெய்தது, பஸ் தாமதம், வாடகை ஏறிவிட்டது என்று. இந்த ஊரில் நம் மொழியில் பேச எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? பெர்னார் கேட்டுவிட்டுச் சிரிக்கிறான்: "உன் மாமாவா?" ஆமாம் என்றேன்.

கண்காட்சிப் பொறுப்பாளர் மதாம் ரெவெலிடம் சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டு, உட்காரச் சொல்லி, முழுவதும் கேட்டார். அந்தக் கன்னத்தைப் பற்றிய கட்டுரையை எழுதியவரே அவர்தான். கடைசியில் சொன்னார்: "நீங்க சொல்றது நிஜம்னா என் கட்டுரைய நானே கிழிக்கணும். கிழிக்கறேன். ஆனா ஒரு காகிதம் வேணும்." அந்தக் கரி எப்படி வந்தது என்று கண்ணால் பார்த்தவர் தன் பெயரில் எழுத வேண்டும். ஊர்த் தலைவர் முத்திரை இருக்க வேண்டும். ஜூன் முப்பதுக்குள் வந்தால், உரிமையாளரிடம் திருப்பிக் கொடுக்காமல் நிறுத்தி வைத்து, ஊருக்கு அனுப்ப வழக்குப் போடலாம். அதற்குப் பிறகு ஐயா ஏலத்துக்குப் போகிறார். வேறு யார் வீட்டுச் சுவருக்கோ.

அப்பா பெயருக்கு இது ஒன்றுதான் வழி. ஐயா ஊருக்குத் திரும்பி வந்தால் நானும் வருகிறேன். அப்பாவை ஓடைக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து, முறைப்படி முகங்கள் வந்து ஆட வேண்டும். அதைப் பார்க்காமல் நான் சாக மாட்டேன்.

நீ பார்த்திருக்கிறாய், அக்கா. "எதுவும் தெரியாது" என்று எட்டு வரி எழுதுகிறவளுக்கு எல்லாம் தெரியும்.

டோக்பா


தியாப்ளே,
1 ஏப்ரல் 2001

தம்பி,

முதல் மழை பெய்துவிட்டது. ஐயா காட்டுக்குத் திரும்பிவிட்டார். இனி அடுத்த டிசம்பர் வரை வரமாட்டார். அதனால்தான் எழுதத் துணிச்சல் வந்ததோ என்னவோ.

அந்த வருடம் ஜனவரி. கஸோ ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மாவின் அண்ணன் மூன்று நாள் நடந்து வந்திருந்தார். அம்மா கருவாடு போட்டுப் பனங்கொட்டைக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. எனக்குப் பதினான்கு வயது. "அம்மா, நேரமாச்சு" என்று சொன்னேன். "கொதி வந்துட்டா இறக்கிடுவேன், சும்மா இரு" என்றாள். கொட்டகைக்குப் பின்பக்கமிருந்து ஐயா வந்துவிட்டார். சிவப்புத் துணி, இரண்டு கையிலும் குச்சி. வேறு யாரும் அங்கே இல்லை.

அம்மா எழுந்திருக்கவில்லை. "வாங்க ஐயா, நல்ல நேரத்துக்குத்தான் வந்தீங்க. கொஞ்சம் பொறுங்க. என் அண்ணன் பசியோட உக்காந்திருக்கான்" என்றாள். ஐயா பேசமாட்டார் அல்லவா, குச்சியால் தரையில் அடித்தார். "அடிங்க. தரைக்கு வலிக்காது" என்றாள் அம்மா. அவர் சட்டியை உதைத்துவிட்டார். அத்தனை குழம்பும் சிவப்புச் சிவப்பாகச் சாம்பலில் ஓடியது.

அம்மா அதைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு அடுப்பிலிருந்து எரிகிற கட்டையை உருவி இடது கன்னத்தில் ஒரு அடி அடித்தாள். மரத்தில் மரம் மோதுகிற சத்தம். பொறி கொட்டி நார் உடையில் புகைந்தது. உள்ளிருந்து "ஆ" என்று ஒரு குரல் வந்தது. தினமும் "சோறு ஆச்சா?" என்று கேட்கிற குரல். பிறகு அவர் காட்டைப் பார்த்து ஓடினார். அவர் அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் அப்பா "வயலிலிருந்து" வந்தார். இடது காதுக்குக் கீழே கழுத்தில் கொப்புளம். அம்மா கேட்டாள்: "என்ன இது?"

"தேனீ."

"எந்தத் தேனீ?"

"காட்டுத் தேனீ. ரொம்பக் கோவக்காரத் தேனீ."

அம்மா பனை எண்ணெய் எடுத்து வந்து தடவினாள். தடவிக்கொண்டே சொன்னாள்: "அதோட குழம்பக் கவுத்தா கொட்டத்தான் செய்யும்." அப்பா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். வாயில் சோற்றோடு நான் மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தேன். இருவருக்கும் தெரியும், இருவரும் சொல்லமாட்டார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. கல்யாணம் என்றால் இதுதான் போலிருக்கிறது என்று அன்றைக்கு நினைத்தேன். பிறகு என்னைக் கேட்டு வந்தவர்கள் யாரிடமும் அது இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எழுதிவிட்டேன். ஒரு பெண் எழுதக்கூடாததை எழுதிவிட்டேன். எழுதினால் கை முடங்கிவிடும் என்பார்கள், என் கை நன்றாகத்தான் இருக்கிறது.

அம்மாவைக் கேட்காமல் கையெழுத்துப் போடமாட்டேன். கேட்கிறேன். கொஞ்சம் நாள் கொடு.

தெல்ஃபீன்


லியோன்,
22 ஏப்ரல் 2001

அக்கா,

பஸ்ஸில் படித்தேன். "கோவக்காரத் தேனீ" என்ற இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண் எழுந்து வேறு இருக்கைக்குப் போனாள். பிறகு இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் கடைசி நிறுத்தம் வரை போய்விட்டேன். அங்கே ஒரு தொழிற்சாலைச் சுவர்தான் இருந்தது. அதன் முன்னால் நின்று அழுதேன்.

கழுத்தில் இருந்த அந்தத் தழும்பு எனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தலை மழித்துவிடும்போது அதில் விரலை வைத்து அழுத்துவேன். தேனீ கொட்டியது என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

மதாம் ரெவெலுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் ஓவியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இந்தக் கறுப்பு? இது எங்கேருந்து வந்தது?" என்று கேட்டார். ஓவியர் தானாகவே வைத்திருப்பார் என்றேன். அவருக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது போலத் தெரிந்தது.

இப்போது ஐயாவிடம் பேச எனக்குக் கூச்சமாக இருக்கிறது. உள்ளே யாரும் இல்லை என்று தெரியும். ஆனாலும் பணி முடிந்து விளக்கை அணைக்கும்போது, "வரேன்ப்பா" என்று வாயில் வந்துவிடுகிறது.

அம்மாவைக் கேட்டுவிட்டாயா? ஜூன் முப்பது, அக்கா. தபால் இரண்டு மூன்று வாரம் எடுக்கிறது.

டோக்பா


தியாப்ளே,
13 மே 2001

தம்பி,

கேட்டுவிட்டேன்.

நேற்று சந்தையிலிருந்து வந்ததும், அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து முதலில் ஓவியக் கதையைச் சொன்னேன். அம்மா முறத்தைப் பிடித்துக்கொண்டே கேட்டாள். "நான் அடிச்ச அடியப் பாத்தா வெள்ளைக்காரன் படம் போடக் கத்துக்கிட்டான்?" என்று இருமல் வரும்வரை சிரித்தாள். "இன்னும் ரெண்டு அடி போட்டிருந்தா இன்னும் நல்லாப் போட்டிருப்பான்!" இத்தனை வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பிறகு கேட்டாள்: "அப்ப அவரு எரியல?"

"எரியலம்மா. தீக்கு முன்னாடியே யாரோ எடுத்துட்டாங்க."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "எனக்குத் தெரியும்" என்றாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தீக்கு முன்னால் மூன்று நாள் ஐயா வரவில்லை. "காட்டுல தங்கிட்டாரு" என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். சொல்லிவிட்டு ஊர் ஊராக நடந்தார். எதைத் தேடுகிறார் என்று அவர் சொல்லவில்லை. ஒரு பெண்ணிடம் சொல்லக்கூடாது. ஆனால் ஐயாவின் தாளிட்ட வீட்டைத் திறந்து பார்த்துவிட்டு வந்த அப்பாவின் முகத்தை அவள் பார்த்திருக்கிறாள். நான்காம் நாள் காலை கால் வீங்கித் திரும்பி வந்தவர், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். கள் குடிக்கவில்லை. தூங்கவும் இல்லை.

"அவரு படுத்திருக்காரு. அப்ப இன்னைக்கும் யாரும் வரமாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். மத்த பொம்பளைங்களுக்கு அது தெரியாது. எந்த நேரமும் வந்துடுவாரோன்னு பயந்து அணைச்சுட்டாங்க. நான் அணைக்கல. மூணு நாளா ஒண்ணும் சாப்பிடாத மனுஷன். ஒரு கஞ்சி வெச்சுடலாம்னு விட்டேன். காத்து வந்துடுச்சு."

அம்மாவின் அடுப்பு, டோக்பா. ஊரில் அன்று எரிந்துகொண்டிருந்த ஒரே அடுப்பு. மர முகத்துக்கு உள்ளே யார் என்று தெரியாதது போல இருக்க வேண்டிய பெண், தெரிந்துகொண்டதை நம்பி விட்டுவைத்த அடுப்பு.

மறுநாள் பெரியவர்கள் அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அம்மா கதவுக்குப் பின்னால் முதுகைக் காட்டி நின்று கேட்டாளாம். "தூங்கிட்டேன்" என்றாராம். ஒரே சொல். குடித்தார் என்று அவர்களாகச் சேர்த்துக்கொண்டார்கள். நம் வழக்கம் உனக்குத் தெரியும். ஐயா வராத நாளில் தீப்பிடித்தால் பழி அவர் வீட்டுப் பொறுப்பாளருக்கு. யார் அடுப்பு என்று கேட்க மாட்டார்கள். ஐயா ஊரிலேயே இல்லை, திருடு போய்விட்டார் என்று அப்பா சொல்லியிருந்தால் அவர் மேல் பழி இல்லை. ஆனால் அடுத்த கேள்வி அடுப்பு அடுப்பாக வந்திருக்கும். அவருக்குத் தெரியும். அதனால் ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார்.

"அப்புறம் உங்கிட்ட ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டேன்.

"இல்ல. நானும் கேக்கல. ஏழு வருஷம் ஒரே பாயில படுத்தோம். ஒரு வார்த்த கேக்கல." பிறகு சொன்னாள்: "நீ எழுதுடி. அடுப்பு என்னுதுன்னு எழுது. எனக்கு வயசாயிடுச்சு, இனி என்ன?"

அப்போது எதிர்வீட்டிலிருந்து ஸோவா அத்தை, மரவள்ளியைக் காயப்போட்டுக்கொண்டே கத்தினாள்: "ஆத்தாளும் மகளும் என்ன ரகசியம் பேசுறீங்க? எனக்கும் சொன்னா நானும் சிரிப்பேன்ல!"

எரிந்தது அவளுடைய கைக்குழந்தை. உனக்கு ஞாபகம் இருக்கிறதா, அவனுக்குப் பெயர்கூட வைத்திருக்கவில்லை. இருபத்தேழு வருடமாக அம்மாவும் அவளும் ஒன்றாகத்தான் தண்ணீருக்குப் போகிறார்கள். அம்மா முதலில் அவள் குடத்தைத் தூக்கிவிட்டுத்தான் தன்னுடையதைத் தூக்குவாள். மரியாதை என்று நினைத்திருந்தேன்.

"உன் மருமகளப் பத்திதான் பேசுறோம்!" என்று அம்மா பதிலுக்குக் கத்தினாள். ஸோவா அத்தை சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். பிறகு அம்மா, புடைத்து முடித்த அரிசியையே மறுபடி முறத்தில் கொட்டிப் புடைக்கத் தொடங்கினாள்.

இன்று காலையிலிருந்து யோசிக்கிறேன். காகிதம் அனுப்பாவிட்டால் அவர் ஏலத்துக்குப் போவார், அப்பா தூங்கியவராகவே இருப்பார், நீ வரமாட்டாய். அனுப்பினால் தலைவர் முத்திரை வைக்கும் முன் கேட்பார், யார் அடுப்பு என்று. அம்மா சொல்லிவிடுவாள். அறுபத்தாறு வயதில் தண்ணீருக்குத் தனியாகப் போவாள். அப்பா எதைக் காப்பாற்ற அந்த ஒரு சொல்லைச் சொன்னாரோ, அதை நாம் அவர் பெயரால் அழித்துவிடுவோம்.

சனிக்கிழமை தலைவரைப் பார்க்கப் போகிறேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவேன். கன்னத்துக் கரியைப் பற்றி நடந்தது நடந்தபடி சொல்வேன். அடுப்பைக் கேட்கும்போது அம்மா வாய் திறப்பதற்குள் நான் சொல்லிவிடுவேன்: அடுப்பைப் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் சொல்லிவிட்டு அம்மா அப்பாவிடம் போயிருந்தாள், எனக்குப் பதினான்கு வயது, அணைக்காமல் விட்டது நான். அந்த வயதுப் பெண்தான் ஊரில் அடுப்பு பார்ப்பாள். நம்புவார்கள்.

ஸோவா அத்தைதான் எனக்குத் தலை பின்னிவிடுகிறாள். இனி செய்யமாட்டாள், நான் தனானே நகரில் ஓர் அறை பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மா தன் அடுப்பில் தானே இரண்டு முறை ஊற்றிக்கொள்வாள்.

இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடமும் இல்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது சனிக்கிழமை போய் இரண்டு வாரம் ஆகியிருக்கும். பெண்களுக்கு முகம் கிடையாது என்பார்கள். நான் ஒன்று போட்டுக்கொள்ளப் போகிறேன், டோக்பா. நீ ஊருக்கு வந்து ஓடையைத் தாண்டும்போது எல்லோரும் உன்னிடம் என்னைப் பற்றிச் சொல்வார்கள். உள்ளே இருப்பது யார் என்று உனக்குத் தெரியும். தெரிந்தாலும் சொல்லக்கூடாது என்று ஆண்பிள்ளைகளான உங்களுக்குச் சிறு வயதிலேயே கற்றுக்கொடுத்திருக்கிறார்கள் அல்லவா?

உன் அக்கா,
தெல்ஃபீன்